ரோஸ்லினின் இரண்டாவது மணி நேரம்

ரோஸ்லினை என் அறைக்கு அனுப்பும்போது அவளுடைய துறைத்தலைவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மேடம், நல்லாப் படிக்கிற பொண்ணு. ஆனா சோம்பேறி. பரீட்சையில ஒரு மணி நேரம் எழுதிட்டு எழுந்து போயிடறா. கொஞ்சம் டைம் மேனேஜ்மென்ட் சொல்லிக் குடுங்க."

கல்லூரியின் படிப்பு வழிகாட்டு மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னை அழைத்தபோது, அட்டவணை போடுவது, குறிப்பெடுப்பது, படித்ததை மறக்காமல் திருப்பிப் பார்ப்பது பற்றியெல்லாம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதனால் ரோஸ்லினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. அந்த ஒரு செமஸ்டர் முழுக்க என்னால் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் கல்லூரி. நூலகத்தை ஒட்டிய சின்ன அறைதான் அப்போது மையம். ரோஸ்லின் வணிகவியல் மூன்றாம் ஆண்டு. வீடு உப்பளத்தில். அப்பா கப்பலில் வேலை பார்ப்பவர், வருடத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அம்மா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்றத் தாள்களில் அந்த ஒரு மணி நேர எழுத்திலேயே தேறிவிட்டாள், நீளமான கணக்குகள் வரும் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் தாளில் மட்டும் அவளுக்கு அரியர் இருந்தது. திரும்பத் திரும்ப எழுதியும் தேறவில்லை. ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வருடமே டிகிரி முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வரப்போகிற பரீட்சையை விட்டால் வேறு வழியில்லை.

முதல் நாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எல்லோரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டேன். எப்போது எழுகிறாய், எப்போது படிக்கிறாய், போனில் எவ்வளவு நேரம் போகிறது. தயங்காமல் பதில் சொன்னாள். ஒரு வாரத்துக்கு அட்டவணை போட்டுவரச் சொன்னேன். போட்டுவந்தாள். போட்டபடியே நடந்தும் காட்டினாள். நானும் வணிகவியல் படித்தவள் என்பதால் பாடத்தில் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் சரியான பதில் வந்தது.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சபலம் வரும். அட்டவணை சரியாக இருக்கிறது, பாடமும் தெரிந்திருக்கிறது, அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடலாம் போலிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சோம்பேறி என்ற சொல்லை ஒருவர் நம் காதில் போட்டுவிட்டால் அதை வெளியே எடுப்பது லேசில்லை. ஆனால் மேசைக்குக் கீழே அவளுடைய குதிகால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. சோம்பேறியின் கால் இப்படி ஆடுமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"ஒரு பழைய கேள்வித்தாள் தர்றேன். இங்கயே உக்காந்து எழுதிக் காட்டறியா?"

"எவ்ளோ நேரம் மேம்?"

"பரீட்சை மாதிரியே. மூணு மணி நேரம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி மேம்" என்றாள்.

தொடக்கத்தில் அவள் எழுதுவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கணக்கைக் கட்டம் கட்டமாக இறக்கிக்கொண்டே போனாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பேனா நின்றது. மின்விசிறியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் மேம்" என்று எழுந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் நிரம்பியபடி மேசைமேல் இருந்தது.

அவள் திரும்பி வரவில்லை. பை, போன் எல்லாம் என் அறையிலேயே கிடந்தன.

சாயங்காலம் அந்தப் பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு உப்பளம் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா துணி எடுத்துக்கொண்டே சொன்னார்: "பீச்சாண்ட போயிருக்கும். அந்தப் பொண்ணு எப்பவும் நடந்துகினே இருக்கும்."

கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களை மட்டும் விடும் நேரம் அது. கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எல்லோரும் காற்று வாங்க நடந்தார்கள், அவள் ஒருத்தி ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். பையைக் கொடுத்தேன். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள், நிற்கவில்லை. நானும் கூடவே நடந்தேன். மூச்சு வாங்கியது. ஏன் ஓடிப்போனாய் என்று நான் கேட்கவில்லை. பாதிச் சாலை போனபிறகு, என்னைப் பார்க்காமலே அவளாகப் பேச ஆரம்பித்தாள்.

"முதல் வருஷம் மேம். ஹால்ல எழுதினு இருந்தேன். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கை ஜில்லுனு ஆயிடுச்சு. மூச்சே வரல. செத்துடுவேன்னு நெனச்சேன். பேப்பரக் குடுத்துட்டு வெளிய ஓடியாந்துட்டேன். வெளிய வந்தவுடனே சரியாயிடுச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி."

"அதுக்கப்புறம்?"

"எல்லாப் பரீட்சையிலும் வருது. முதல் ஒரு மணி நேரம் முடிஞ்சு பெல் அடிச்சதுமே, இதோ வரப்போவுதுன்னு இருக்கும். அப்புறம் எங்க எழுதறது."

"வீட்ல சொன்னியா?"

"அம்மா நர்ஸ் மேம். சொன்னா கையப் புடிச்சு இழுத்துனு போயி ஈசிஜி எடுத்துடுவாங்க. அவங்க வார்டு பூரா தெரிஞ்சுடும்."

"டிபார்ட்மென்ட்ல சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அங்க சோம்பேறின்னு நெனச்சுனு இருக்காங்க. அதுவே பரவால்ல மேம்."

எதிரே வந்த ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினோம். பிறகு அவள், "அம்மாகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

இது உங்களுக்கும் வரும். ஒரு பிள்ளை மனசைத் திறந்துவிட்டு, உடனே சத்தியம் கேட்கும். அந்த நேரத்து இரக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டால், நாளைக்கு நம் கை கட்டப்பட்டுவிடும். நான் மெதுவாகச் சொன்னேன்: "உன்னக் கேக்காம யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா இது நான் சரிபண்ற விஷயம் இல்ல ரோஸ்லின். டாக்டரப் பாக்கணும். அதுக்கு நீ வந்தாத்தான் மேல நான் ஏதாவது செய்ய முடியும்."

சாலையின் கடைசிவரை போய்த் திரும்பினோம். அவள் நடையைக் கூட்டினாள். நான் அவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். வண்டியை எடுக்கும்போது, "எந்த டாக்டர் மேம்?" என்றாள்.

நகரத்துக்குள்ளே சின்ன கிளினிக் வைத்திருந்த மனநல மருத்துவர் ஒருவரிடம் போனோம். என்னைவிட வயதில் மிகவும் சிறியவர். ரோஸ்லினிடம் நெடுநேரம் தனியாகப் பேசினார். மற்றப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு அவள் முன்னாலேயே சொன்னார்: "இதுல உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா அவ படறது நிஜம். எழுந்து ஓடினா அந்த நிமிஷம் அடங்கிடும், அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் வரும். ஓடாம இருந்தா ஏறும், ஒரு அளவுக்கு மேல ஏறாது, தானா இறங்கும். அத அவ ஒரு தடவையாவது பாக்கணும். மாத்திரை இப்ப வேணாம். வாரா வாரம் எங்கிட்ட வரட்டும். உக்காந்து எழுதற பழக்கத்த நீங்க பாத்துக்குங்க."

கிளம்பும்போது என்னிடம் மட்டும் இன்னொன்று சொன்னார். "நீங்க பக்கத்துல இருந்தாத்தான் முடியும்னு அவ நெனச்சுடக் கூடாது. ஹால்ல யார் பக்கத்துல இருப்பாங்க?"

அம்மாவிடம் ரோஸ்லின் தானாகவே சொன்னாள். அவள் பயந்தது போலவே நடந்தது. மறுநாளே அம்மா ஈசிஜி எடுத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். நர்ஸ் உடுப்புக்கு மேல் ஒரு துப்பட்டா, கையில் ஹெல்மெட். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே இந்த ஊரில் இருக்கும் குடும்பத்துக்காரர் என்பதால் என்னை மேடம் என்காமல் மதாம் என்றே கூப்பிட்டார்.

"எல்லாம் நார்மலா இருக்கு மதாம். அப்ப எம் பொண்ணுக்கு இன்னாதான் பிரச்சன?"

டாக்டர் சொன்னதை நானும் ஒருமுறை சொன்னேன். நம்பியும் நம்பாமலும் கேட்டார். "வார்டுல எத்தினி பேருக்கு நான் தைரியம் சொல்றேன். வீட்ல இருக்கறது தெரியல பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு சட்டென்று போய்விட்டார்.

பிறகு பழைய கேள்வித்தாள்களோடு உட்கார்ந்தோம். வாரத்தில் சில நாள், வகுப்பு முடிந்த பிறகு. அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: அது வரும்போது பேனாவைக் கீழே வை, இரண்டு கையையும் மேசைமேல் வை, எழுதவேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம்.

பேச்சில் இது எளிதாக இருக்கிறது. நேரில் பார்ப்பது அப்படியில்லை. முதல் தடவை ஓடிப்போனாள், ஆனால் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். இன்னொரு நாள் உட்கார்ந்தபடியே அழுதாள். உதடு வெளுத்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மேம், நான் போறேன் மேம், ப்ளீஸ்" என்றாள். எழுந்து போய்த் தோளைப் பிடித்துக்கொள்ளத்தான் எனக்குக் கை பரபரத்தது. விடைத்தாள் திருத்துவது போல ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "போலாம். கதவு தெறந்துதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போ" என்றேன். அவள் போகவில்லை. நீண்ட நேரம் கழித்து மூச்சு சீராயிற்று. அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எறங்கிடுச்சு மேம்" என்றாள். டாக்டர் சொன்னதை அவள் முதல்முறையாகத் தன் உடம்பில் பார்த்தது அன்றைக்குத்தான்.

நேராக முன்னேற்றம் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரமே மறுபடி ஓடினாள். பரீட்சை நெருங்க நெருங்க, வகுப்பில் ஐம்பது பேருக்கு முன்னால் பேசும்போதும் பாதி மனசு அவளிடம் இருந்தது.

இந்த நேரத்தில்தான் துறைத்தலைவர் வந்தார். ரோஸ்லினைக் கேட்டுக்கொண்டு நான் விஷயத்தைச் சொன்ன பிறகு அவர் சோம்பேறி என்று சொல்வதை விட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவள் தேறவேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை.

"ஹால் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன் மேடம். மூணு மணி நேரமும் அவள வெளிய விடவேணாம். போக முடியாதுன்னு தெரிஞ்சா எழுதித்தானே ஆகணும்?"

"வேணாம் சார். போலாம்னு தெரிஞ்சு உக்காந்திருந்தாத்தான் அது அவ உக்காந்ததா ஆகும். பூட்டி வச்சா பயம் ரெண்டு மடங்காயிடும்."

"எழுந்து வந்துட்டான்னா?"

"வரட்டும்."

"வேல போயிடும் மேடம். அந்த ஆடிட்டர்கிட்ட நான்தான் சிபாரிசு பண்ணேன். அப்ப நீங்கதான் பதில் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். அவர் போனபிறகு நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ற எண்ணம் பரீட்சை நாள்வரை என்னை விடவில்லை.

பரீட்சைக்கு முந்தைய நாள் ரோஸ்லின் கேட்டாள்: "நாளைக்கு நீங்க வராண்டாவுல இருப்பீங்க இல்ல மேம்?"

"இருக்கமாட்டேன்."

"அப்ப எங்க இருப்பீங்க?"

"சொல்லமாட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு நாள் கூட இருந்துவிட்டுக் கடைசியில் கைவிட்டவளைப் பார்க்கிற பார்வை. வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவளுடைய அம்மா லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். தேர்வு நடந்த அறைகள் முதல் மாடியில். அந்த வராண்டாவுக்கு நேர் கீழே, வேப்பமரத்தடியில் நிற்க வாட்ச்மேனிடம் பேசி ஏற்பாடு செய்திருந்தார். "மேலருந்து எட்டிப் பாத்தா நான் தெரிவேன் மதாம். அம்மா இருக்கான்னு ஒரு தெம்பு இருக்கும்."

தெம்பு இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்தத் தெம்பை நோக்கித்தான் அவள் இறங்கி ஓடிவருவாள் என்பதும் தெரியும். அவரை அழைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைக்குப் போனேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எம் பொண்ணு அங்க தவிச்சினு இருக்கா. நான் இங்க உக்காந்து டீ குடிக்கணுமா?"

"குடிக்க வேணாம். இங்க இருந்தா போதும்."

"உங்களுக்குப் பொண்ணு இருந்தா இப்டி சொல்லுவீங்களா?"

நான் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளாக இருந்தால் நானும் அந்த மரத்தடியில்தான் நின்றிருப்பேன்.

இரண்டு டீயும் ஆடை கட்டி ஆறின. அம்மா உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். முதல் மணி நேரத்துக்கான மணி அடித்தது, சாலை தாண்டிக் கேட்டது. சீக்கிரம் எழுதி முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். அவள் இல்லை. மதில் சுவருக்கு மேலே முதல் மாடி வராண்டா கொஞ்சம் தெரியும். திடீரென்று அம்மா என் கையைப் பிடித்தார்.

வராண்டாவில் ரோஸ்லின் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் ஊழியர்.

"எழுந்து வந்துட்டா. அவ்ளோதான் மதாம், போச்சு." அம்மா சாலையில் இறங்கப் போனார். நான் பிடித்த கையை விடவில்லை.

"இருங்கம்மா. அவ கையில ஒண்ணுமே இல்ல, பாருங்க. ஹால் டிக்கெட், பேனா எதுவும் இல்ல. பேப்பர இன்னும் குடுக்கல."

"கூப்டா கேக்கும். ஒரு தடவ கூப்டறேன்."

"வேணாம்."

எங்கள் பக்கம் அவள் பார்க்கவில்லை. வராண்டாவின் கோடிவரை வேகமாக நடந்தாள், அந்தக் கடற்கரை நடை. அங்கே குடிதண்ணீர்க் குழாய். அதையொட்டி மாடிப்படி. தண்ணீர் குடித்தாள், முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு படியின் தலைப்பில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். ஊழியர் ஏதோ சொன்னார். அவள் நகரவில்லை. இவ்வளவு வருடம் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்த எனக்கு, அப்போது செய்ய ஒரு வேலையும் இல்லை.

ரோஸ்லின் கைப்பிடியை விட்டாள். திரும்பி வந்த வழியே நடந்து, கதவைத் தாண்டி உள்ளே போனாள்.

எழுந்திருக்கவே கூடாது என்றுதான் நான் பழக்கியிருந்தேன். எழுந்து, நடந்து, திரும்பவும் உள்ளே போகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை அந்த வராண்டாவில் அவளே கண்டுபிடித்தாள். நாம் கொடுக்கும் வழியைப் பிள்ளைகள் அப்படியே பின்பற்றினால்தான் நமக்குத் திருப்தி. அன்று அவள் என் வழியிலேயே பிடிவாதமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் முறைகளைக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் அதை மீறும்போது, எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்க்கக் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

அந்தத் தாளில் அவள் தேறினாள். பெருமையடித்துக்கொள்ளும் மதிப்பெண் இல்லை. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அது போதுமாக இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். டாக்டரிடம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் போய்வந்தாள். ஆனால் முடிவு வந்த நாளைவிட, அந்தப் பரீட்சை முடிந்த மதியம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கடைசி மணி அடித்ததும் கூட்டம் கேட்டுக்கு வெளியே கொட்டியது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா சாலையின் நடுவிலேயே போய் நின்றுகொண்டார், ஸ்கூட்டர்கள் ஒதுங்கிப் போயின. கூட்டத்தின் கடைசியில் ரோஸ்லின் வந்தாள். விரலெல்லாம் மை, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. முகம் சிடுசிடுவென்று இருந்தது. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்டிடி எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

"கடைசிக் கணக்கு பாதியில நின்னுடுச்சும்மா."

"ஏன், மறுபடி படபடப்பு வந்துதா?"

"அது ரெண்டு தடவ வந்துது. அதில்ல." என் பக்கம் திரும்பினாள். முந்தைய நாள் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "டைமே பத்தல மேம். எந்தக் கேள்விக்கு எவ்ளோ நேரம்னு நீங்க எனக்குச் சொல்லியே குடுக்கல. பத்து நிமிஷம் இருந்திருந்தா முடிச்சிருப்பேன்."

ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் எங்கள் கல்லூரி வாசலில் பாதிப் பிள்ளைகள் சொல்கிற புகார் அது. அவள் வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்த பேப்பர் எப்ப?" என்று ரோஸ்லினைக் கேட்டேன்.

"நாளன்னிக்கு மேம்."

"நாளைக்குக் காலையில வா. சொல்லித் தர்றேன்."